இளவரசன் தேரில் ஒரு கேமரா

சேக்கிழார் அந்த விபத்தைச் சொல்லியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இளவரசன் மேல் குற்றம் சுமத்த வழியே இல்லை. திருவாரூர்த் தெருவில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறிப் போகிறான். சுற்றிலும் பரிவாரம். துள்ளிக்கொண்டு வந்த ஒரு பசுங்கன்று, யாரும் கவனிக்காத நொடியில் தேர்க்காலுக்குள் புகுந்து செத்துவிடுகிறது. அவன் தேரை விரட்டிக்கொண்டு ஓடவில்லை. பதறி இறங்குகிறான், தாய்ப்பசு கதறுவதைப் பார்த்துத் துவண்டுபோகிறான், அப்பாவின் காதுக்கு எட்டுமுன் பரிகாரம் கேட்டு வேதியரைத் தேடிப் போகிறான். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், 52ஆம் பிரிவு, ஓட்டுநரிடம் கேட்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். உன் வண்டியால் மனிதருக்கோ விலங்குக்கோ சேதம் வந்தால் நிறுத்து, 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்.

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது படிவம் இரண்டு படிக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், அந்தத் தேர்ல டேஷ்கேம் இருந்திருந்தா கேஸ் அங்கேயே முடிஞ்சிருக்குமே?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வியில் தவறில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான ரந்தாவில், கோவில் வாசலில் நிற்கும் கார்களை எட்டிப் பாருங்கள். டேஷ்போர்டில் பிள்ளையார், அவருக்கு மேலே கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் கேமரா. புதுக் கார் வாங்கிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய மறுநாளே கேமராவும் மாட்டிவிடுகிறார்கள். முனீஸ்வரர் எல்லையைப் பார்த்துக்கொள்வார் என்று வளர்ந்த தலைமுறை நான். இன்று அந்த முனீஸ்வரருக்கே உண்டியல் மேல் சிசிடிவி போட்டிருக்கிறோம்.

பையனுக்கு நான் சொன்ன பதில், கேஸ் முடிந்திருக்காது என்பது. ஏனென்றால் என்ன நடந்தது என்று அரசன் கேட்டபோது, கேமரா காட்டியிருக்கக்கூடியதை எல்லாம் அமைச்சர் வாயாலேயே சொல்லிவிட்டார். இளவரசன் தேரில் போனான், படை சூழ்ந்திருந்தது, கன்று தானாகவே உள்ளே புகுந்து இறந்தது. இன்ஷூரன்ஸ் படிவத்தில் நாம் எழுதுவது போலவே அவர் வாக்கியத்தில் கன்றுதான் எல்லாவற்றையும் செய்கிறது. அமைச்சர் பொய் சொல்கிறார் என்று அரசன் ஓரிடத்திலும் சொல்லவில்லை. நடந்தது அதுதான் என்று ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவன் துக்கமே தொடங்குகிறது. அவனுக்குத் தன் கடமை நினைவுக்கு வருகிறது. உயிர்களுக்குத் தன்னாலும், தன் ஆட்களாலும், பகைவராலும், கள்வராலும், மற்ற உயிர்களாலும் வரும் பயம் எல்லாவற்றையும் தீர்ப்பவன் அரசன். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது அவனேதான். சாத்திரம் சொன்ன கழுவாயைச் செய்துவிடலாம் என்று அமைச்சர்கள் சொன்னபோது, அது இந்தப் பசுவின் நோவுக்கு மருந்தாகுமா என்று கேட்கிறான்.

இதே கதை இலங்கையின் மகாவம்சத்திலும் இருக்கிறது. அனுராதபுரத்தை 44 ஆண்டு ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனின் மகன், திச வாவிக்குத் தேரில் போகிறான். அங்கே கன்று துள்ளி வரவில்லை. தாயோடு வழியில் படுத்துக் கிடக்கிறது. சக்கரம் அதன் கழுத்தில் ஏறிவிடுகிறது. பசு நீதி கேட்டு அரண்மனை மணியை அடிக்கிறது. எதிரி மன்னனின் நீதியைப் புகழ்ந்து ஒரு பௌத்த நூல் இதை எழுதிவைத்திருப்பது தனி வியப்பு. எனக்கு அதைவிட வியப்பு வேறு. இரண்டு தேரிலும் கேமரா இருந்திருந்தால் இரண்டு தீர்ப்பு வந்திருக்கும். திருவாரூர் இளவரசன் நிரபராதி. அனுராதபுரத்து இளவரசன் கவனக்குறைவாக ஓட்டினான், நம் சட்டத்தில் 43ஆம் பிரிவு. ஆனால் இரண்டு அப்பாக்களும் ஒரே தீர்ப்பைத்தான் தந்தார்கள்: அதே சக்கரம், மகன் மேல். திருவாரூரில் தேரோட்டப் பணித்த அமைச்சர் தன் உயிரை விட்டார், அரசனே ஓட்டினான், சிவபெருமான் தோன்றி எல்லாரையும் எழுப்பினார். மகாவம்சத்துப் பிள்ளைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்தத் தண்டனை சரி என்று நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் எந்த நீதிபதியும் அப்படித் தீர்ப்பு எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் அவன் கேட்ட கேள்வி வேறு, கொடுத்த தண்டனை வேறு. கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் காருக்குக் கேமரா வந்தது மருமகன் தயவில். முதலில் வாங்கியது மலிவானது, உள்ளே லித்தியம் பேட்டரி. இந்த ஊர் வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் கண்ணாடிக்குப் பின்னால் அது எத்தனை நாள் தாங்கும்? உப்பிக்கொண்டது. அடுத்தது கெப்பாசிட்டர் வைத்தது. சூட்டைத் தாங்கும், என்ஜின் நின்றதும் கடைசிக் கோப்பை மூடிவைக்கிற அளவு மின்சாரம் அதில் இருக்கும், அது போதும். மெமரி கார்டும் கைப்பேசிக்குப் போடுவது ஆகாது. ஓயாமல் எழுதி அழித்து எழுதுவதற்கென்றே ஹை எண்டியூரன்ஸ் கார்டு விற்கிறார்கள். பெட்டியில் 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். லின்சம், கொம்போக் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் இரவில் எதிர்வரும் லோரியின் வெளிச்சத்தில் எண் பலகை வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் பதியும். இருட்டில் பார்க்கத் தெரிந்த சென்சாரா என்று கேட்டு வாங்க வேண்டும். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும், தேதி தவறிய சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார்.

இன்னொன்று, மோதலை உணரும் கருவி. வண்டி குலுங்கினால் அந்த நிமிடத்துக் கோப்பை அழியாதபடி பூட்டிவைக்கும். குலை ஏற்றிய செம்பனை லோரிகள் குழிபறித்த சாலைகள் எங்களுடையவை. ஒவ்வொரு குழியையும் விபத்தென்று நம்பிப் பூட்டிப் பூட்டி, கார்டு நிறைந்து, கேமரா படம் பிடிப்பதையே நிறுத்திவிட்டது. உணர்திறனைக் குறைத்த பிறகுதான் அடங்கியது. ஒலிப்பதிவை நான் அணைக்கச் சொன்னேன். கோவிலுக்குப் போகும் வழியில் கோவில் நிர்வாகத்தைப் பற்றி நாலு பெண்கள் பேசுவது நீதிமன்றத்துக்குத் தேவைப்படாது.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்து வானில் விண்கல் வெடித்ததை உலகமே பார்த்தது இந்தக் கேமராக்களால்தான். பொய்யாகக் காரில் வந்து விழுந்து பணம் பறிப்பவர்களுக்குப் பயந்து மாட்டியவை அவை. பக்கத்து மனிதனைச் சந்தேகித்து வாங்கிய கண்ணில் வானம் எரிந்தது பதிந்தது. சந்தேகத்துக்காக வாங்குகிறோம் என்பதை மட்டும் மறைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு நேர்ந்தது சிலியாவ் பக்கமிருந்து ரந்தாவ் திரும்பும் வழியில், வெளிச்சம் மங்குகிற நேரம். மருமகன் ஓட்டினார், வேகமும் இல்லை. இடப்புறச் செம்பனை வரிசைக்குள்ளிருந்து ஒரு கன்று பாய்ந்தது. பிரேக், சத்தம், நின்றோம். பம்பர் பிளந்து ஒரு விளக்கு உடைந்திருந்தது. கன்று சாலையோரம் விழுந்து கால்களை உதைத்துவிட்டு அடங்கிவிட்டது. எனக்கு முருகன் பெயரைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. மருமகன் ஸ்டீயரிங்கை விடாமல் சொன்னார், "கேமராவுல இருக்கு அத்தே. நம்ம மேல தப்பு இல்ல."

அவர் நல்ல பிள்ளை. அடுத்த நிமிடமே இறங்கிப் போய்க் கன்றின் பக்கத்தில் குந்தினார். ஆனாலும் முதலில் வந்த வாக்கியம் அதுதான், அது என்னை விடவில்லை. அமைச்சரின் வாக்கியம். இறந்தது என்ன என்று பார்க்கும் முன்பே நாம் விடுதலையாகிவிட்டோம்.

இந்தச் சாலையில் மாடு ஏன் திரிகிறது என்று வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள். பால் மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் தோட்ட லயத்துக் குடும்பங்கள் பல மாடு வைத்திருந்தன. பால்வெட்டுக் கூலி அரிசிக்கு, மாட்டுப்பால் காசு பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் மகளின் தோட்டுக்கும். மரங்களுக்கிடையே புல், லயத்துக்குப் பின்னால் கொட்டகை, துரை பார்த்தும் பார்க்காதது போல் போவார். பிறகு செம்பனை வந்தது. இளங்கன்றுச் செடியை மாடு கடித்தால் நிர்வாகம் பொறுக்குமா? அதன் பிறகு தோட்டங்கள் துண்டாயின, செண்டாயான் பக்கம் தாமான் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. மனிதர்களுக்கு மலிவு வீடு கிடைத்தது, கிடைத்தவர்களுக்கு. மாட்டை அடுக்குமாடியில் எங்கே கட்டுவது? அது பழைய தடத்திலேயே மேய்கிறது, அந்தத் தடத்தின் மேல் இப்போது தார்ச்சாலை ஓடுகிறது. வீடியோவில் இதில் ஒன்றும் தெரியாது. தெரிவது, சாலை காலியாக இருந்தது, விலங்கு குறுக்கே வந்தது.

மாட்டுக்காரர் மோட்டாரில் வந்தார். எழுபதைத் தாண்டியவர், தோட்டத்தில் என் அப்பாவோடு வேலை செய்தவர். கன்றைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "டீச்சரம்மா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். கொஞ்சம் கழித்து, "நாந்தான் கட்டி வச்சிருக்கணும்." அப்புறம் கண்ணாடியைக் கைகாட்டி, "இதைக் கவுன்சில்காரங்ககிட்ட மட்டும் காட்டிடாதீங்கம்மா. அபராதம் போட்டே கொன்னுடுவாங்க." தாய்ப்பசு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. அடிக்க மணியும் இல்லை, கேட்க அரண்மனையும் இல்லை.

போலீசில் சட்டப்படி சொன்னோம், அது 24 மணி நேரத்து வேலை. காரை எங்கள் கைக்காசில் பட்டறையில் சரிசெய்தோம். சொந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்டால் வருடக்கணக்கில் சேர்த்த 55 விழுக்காட்டுக் கழிவு போய்விடும், ஆகவே இதில் புண்ணியக் கணக்கு ஒன்றும் இல்லை. கன்றுக்குப் பணம் கொடுத்தால் கிழவர் வாங்கமாட்டார் என்று தெரியும். அவர் மனைவியிடம் கொடுத்தேன், அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டில் கணக்குப் பார்ப்பவர் அவர்தான்.

இதை வைத்துக் கேமராவே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தாமானில் குலை லோரி ஓட்டும் ஒரு தம்பி இருக்கிறார். வளைவில் எதிர்த்தடத்தில் வந்த மோட்டார்காரர் லோரியில் உரசி விழுந்தார். கூடிய கூட்டம் பெரிய வண்டிக்காரனைத்தான் குற்றவாளி என்றது. தம்பிக்கு மலாயில் கோர்வையாகச் சொல்ல வராது, பயத்தில் தமிழிலும் வராது. பேசியது அந்தச் சின்னக் கேமரா. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கங்காணி சொல், கிராணி சொல், துரை சொல் என்று சொல்லுக்கே படிக்கட்டு இருந்த உலகம் அது. பால்வெட்டுக்காரி தன் கண்ணால் பார்த்தது எந்தப் படியிலும் ஏறாது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் சேர்த்த 90ஏ பிரிவு, கணினி தந்த பதிவை ஆவணமாக ஏற்றுக்கொள்கிறது. யார் கணினி என்று அது சாதி, பதவி பார்ப்பதில்லை.

2018 ஏப்ரல் 28 வேட்புமனு நாளில் எங்கள் ரந்தாவ் தொகுதியில் வேட்பாளராக நிற்க வந்த டாக்டர் ஸ்ரீராம் அனுமதி அட்டை இல்லையென்று வாசலில் நிறுத்தப்பட்டார். எதிரணி வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டு, நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, 2019 ஏப்ரல் 13இல் இடைத்தேர்தல் நடந்தது. டாக்டர் தோற்றார், அது வேறு. ஒரு வாசலில் என்ன நடந்தது என்பதை நிறுவுவதற்கு எவ்வளவு பாடு என்று இந்தச் சிற்றூர் கண்டது.

கடவுளே சாட்சிக்கு வந்த கதையும் நம்மிடம் இருக்கிறது. வணிகன் ஒருவனைத் திருப்புறம்பியத்தில் பாம்பு கடித்தது, சம்பந்தர் எழுப்பினார், அங்கேயே அவனுக்கும் உடன் வந்த பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. பார்த்தவை ஒரு வன்னிமரம், ஒரு கிணறு, ஒரு லிங்கம். மதுரைக்கு வந்த பின் வணிகனின் மூத்தாள் இளையவளைக் கேட்டாள், உன் கல்யாணத்துக்கு யார் சாட்சி? இளையவள் அழுதாள். மரமும் கிணறும் லிங்கமும் மதுரைக் கோவிலுக்கு வந்து நின்றன. திருவிளையாடற் புராணத்தின் கடைசிப் படலம் அது. திருப்புறம்பியத்து இறைவனுக்குச் சாட்சிநாதர் என்றே பெயர். ஆளில்லாதவளுக்காக வந்த சாட்சி. லோரித் தம்பியின் கேமராவை நான் அந்த வன்னிமரத்தின் பக்கத்தில்தான் வைப்பேன்.

அதே புராணத்தில் பழியஞ்சின படலம் என்று ஒன்று உண்டு, அதை யாரும் மேடையில் அதிகம் சொல்வதில்லை. வழிப்பயணத்தில் மனைவியை ஆலமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அந்தணன் தண்ணீர் கொண்டுவரப் போகிறான். திரும்பினால் அம்பு தைத்து அவள் பிணமாகக் கிடக்கிறாள். பக்கத்தில் வில்லோடு ஒரு வேடன். வேறென்ன ஆதாரம் வேண்டும்? ஆனால் வழக்கைக் கேட்ட பாண்டிய மன்னனுக்கு மனம் ஒப்பவில்லை. சொக்கநாதரிடம் முறையிட்டு, அவர் சொன்னபடி மாறுவேடத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், எமதூதர் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கிறான். என்றோ யாரோ விட்ட அம்பு மரத்தில் சிக்கிக் கிடந்தது, காற்றை அசையவிட்டு அதை விழச்செய்தோம் என்கிறார்கள். அந்த மரத்தடியில் ஒரு கேமரா இருந்திருந்தால்? வேடனும் வில்லும் பிணமும் தெளிவாக விழுந்திருக்கும். அம்பு மரத்தில் ஏறிய நாளின் பதிவு எப்போதோ அழிந்து மேலெழுதப்பட்டிருக்கும். எங்கள் 64 ஜிபி கார்டில் சில மணி நேரப் பாதைதான் இருக்கிறது. சைவம் சொல்லும் சஞ்சிதம் என்ற வினைச் சேமிப்பில் பிறவிகள் பல.

தெரியாமல் செய்தது வினையா என்று மாணவர்கள் விடாமல் கேட்டார்கள். பழைய வழக்குத்தான். மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி என்ற இல்லறத்தான் புத்தரிடம் வாதாட வருகிறான். உடலால் செய்ததே பெரிது என்பது அவன் கற்ற நிகண்டர், அதாவது சமணர், பள்ளியின் வாதம். மனத்தால் செய்ததே பெரிது என்கிறார் புத்தர். புத்தர் கணக்கில் என் மருமகன் விடுபட்டார், நிகண்டர் கணக்கில் மாட்டிக்கொண்டார். சோழன் இரண்டு பக்கமும் போகவில்லை என்று எனக்குப் படுகிறது. இருவரும் ஓட்டியவனிடமிருந்து தொடங்குகிறார்கள், அவன் பசுவிடமிருந்து தொடங்கினான். அந்த இடத்தில் நின்று பார்த்தால் யார் தவறு என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. கேமரா முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துக்கொடுக்கிறது, அதற்கு நன்றி. இரண்டாவதையும் அதுவே முடித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை. மருமகனோடு இதைப் பேசினேன். "அத்தே, அந்த நேரத்துல பயம் வந்தா வாய்ல என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நியாயமான பதில்.

கிழவர் ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார். கவுன்சில்காரருக்குப் பயந்தவர் ஆயிற்றே என்று எனக்குத் திகைப்பு. விஷயம் வேறு. கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டது பேரன் என்று இவர் அவனை அடித்திருக்கிறார். அவன் இல்லை என்று சத்தியம் செய்கிறான். தான்தான் முடிச்சைச் சரியாகப் போடவில்லையோ என்று இவருக்கு உறுத்தல். கன்றின் கழுத்தில் கயிறு இருந்ததா, அறுந்திருந்ததா, அவிழ்ந்திருந்ததா? தெரிந்தால் பையனிடம் பேச வேண்டும்.

பூட்டிவைத்த கோப்பை மருமகன் கணினியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். 140 டிகிரி அகலம், இருண்ட செம்பனை வரிசை, ஒரு பழுப்பு நிற அசைவு, அடி. கழுத்துப் பக்கம் நிழலாக இருந்தது. பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதாண்ணே."

தேநீரைக் குடித்து முடித்தார். பேரனுக்கு ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். மோட்டாரை எடுத்துக்கொண்டு பள்ளிப் பக்கம் போனார்.